பதாகையில் இடம்வலம் மாறிய மடிப்பு

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசி அடித்தது. "றிஸ்வானா மிஸ் ராவே மௌத்தாகிட்டா" என்றாள் மாணவி ஒருத்தி. நான் அவர் ஊரான ஏறாவூருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸா நல்லடக்கம் முடிந்திருந்தது. அந்தத் துக்கத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். நேற்றைய இரங்கல் கூட்டத்துக்குப் பிறகு கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

விரிவுரையாளர் றிஸ்வானாவும் நானும் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தோம். அவர் வாழ்நாளைக் கொடுத்தது ஒரு புரத மடிப்புக்கு, புரதம் மடிந்து எடுக்கும் ஓர் உருவத்துக்கு. இழைகளாலான இரண்டு தளங்கள், முகத்துக்கு முகம் வைத்த இரண்டு பன்பாய்களைப் போல. இம்யூனோகுளோபுலின் மடிப்பு என்பார்கள். நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரியில் அது இருக்கிறது, தசையில் இருக்கிறது, பிறபொருளெதிரியே இல்லாத வாவி நண்டிலும் இருக்கிறது. "வேலை வேற, அமினோ அமில வரிசையும் வேற. உருவம் மட்டும் ஒண்டு. உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா மிஸ்?" என்று கேட்பார். பீடக் கூட்டத்தில் நண்டை ஆராயக் கருவி கேட்டபோது, "நண்டுக்குக் கறிச்சட்டி போதும்" என்றார் ஒரு பெரியவர். கூட்டமே சிரித்தது. கருவி வரவேயில்லை.

அப்போதும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். உயிர்களில் அந்த இழைகள் ஒரு பக்கமாகத்தான் முறுகும். மாணவி ஒருத்தி இடம்வலம் மாற்றி வரைந்துவிட்டாள். "இதென்ன புள்ள, கண்ணாடியப் பார்த்து வரைஞ்சீங்களா? இப்பிடி ஒண்ட எந்த உயிரும் செய்யல்ல. அழிச்சுப்போட்டு வரைங்க!"

நேற்றைய பதாகையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் அதே மடிப்பு, இடம்வலம் மாறி! ஏற்பாட்டாளரைக் கேட்டேன். "இந்தப் படம் அவட போட்டோவைப் பார்த்தபடி நிக்கோணும் எண்டு திருப்பினது மிஸ். ஆருக்கு விளங்கப் போகுது?"

பிறகு மேடையேறியவர்கள் அவருடைய சிரித்த முகத்தையும் பொறுமையையும் புகழ்ந்தார்கள். கறிச்சட்டிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உயிரோடிருந்தபோது கருவி கொடுக்காதவர்களுக்கு இப்போது பொறுமையைப் பாராட்ட என்ன உரிமை?

என் முறை வந்தது. நேரே பதாகையிடம் போனேன். பதாகை மெல்லிய வெள்ளைத் துணி; மை மறுபக்கமும் ஊறியிருந்தது. கயிற்றை அவிழ்த்து, பின்பக்கம் முன்னால் வரும்படி கட்டினேன். மடிப்பு சரியாக நின்றது. எழுத்தெல்லாம் புரண்டுவிட்டது.

"மிஸ், பேர் பிழையா நிக்குது!" என்று முன்வரிசையில் சத்தம் கேட்டது.

"ஓம், பிழைதான். அவ வந்தா முதல்ல பேரையா பார்ப்பா?"

அந்தத் துணி இப்போது எங்கள் ஆய்வுகூடச் சுவரில், திருப்பிய பக்கமாகவே தொங்குகிறது. அடுத்த பீடக் கூட்டத்தில் நண்டுக்குக் கருவி கேட்டு நான் எழும்புவேன். அவருடைய பொறுமையை மேடைக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அவருடைய கோபம் எனக்கு.