மூக்கு தாழ்ந்த வண்டி

எங்கள் வீட்டுக் காரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அப்படி ஒரு காலம் இருந்தது. பின்பக்கம் எப்போதும்போல நிமிர்ந்திருக்க, முன்பக்கம் மட்டும் தரையை நோக்கிச் சரிந்து, சாக்கடை ஓரம் மோப்பம் பிடித்துப் போகிற பன்றியைப் போல நிற்கும். அதைத் தெருவில் நிறுத்திவிட்டு எதிர்வீட்டுச் சுவரோரம் போய் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து என் கணவர் ரசிப்பார். கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பருத்திப்பட்டுக்குக் குடிவந்தது ஏரிக்காற்றுக்காக என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார். அவருடைய அலுவலகம் அம்பத்தூரில் இருந்தது, என் அப்பாவுக்கு டயாலிசிஸ் செய்கிற மருத்துவமனையும் அங்கேதான், அதனால்தான் வந்தோம். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். ஒன்றுவிட்டு ஒரு நாள் அவரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மதியத்துக்கு மேல் அழைத்து வர வேண்டும். திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். முழங்கால் சரியாக மடங்காது என்பதால் முன் சீட்டில்தான் உட்காருவார். நான் பின்னால். கார் வாங்கியதே இதற்குத்தான். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், வண்டியை ஓட்டுகிறவருக்கு மட்டும் மறந்துபோனது.

கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடமும் அதே கார் இருந்தது. அதே மாடல். எங்களுடையது டீசல், அவருடையது பெட்ரோல், அவ்வளவுதான் வித்தியாசம். டீசல் எஞ்சின் கனம் அதிகம், அதனால் அதைத் தாங்குகிற முன்பக்க ஸ்பிரிங்கும் முரடாக இருக்குமாம். பெட்ரோல் வண்டியின் ஸ்பிரிங் கொஞ்சம் மெலிந்தது. அதை எடுத்து டீசல் வண்டியில் போட்டால் கனம் தாங்காமல் முன்பக்கம் இறங்கிவிடும். இந்த ஞானமெல்லாம் எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ஒரு கையில் சோறு, மறு கையில் போன், போனில் எவனோ ஒருவன் தரையோடு தரையாகக் கார் ஓட்டுகிற வீடியோ. “பாரேன், என்ன லுக்கு” என்பார். ரசம் ஆறிப்போகும்.

இவருக்கு வண்டி தாழ வேண்டும். நண்பருக்கோ மழைத்தண்ணீரில் மாட்டாமல் வண்டி உயர வேண்டும். இரண்டு பேரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்திகள் மாதிரி ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அப்பாவை வைத்துக்கொண்டே பேசினார்கள். அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் போகலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிளப்பி, அம்பத்தூர் எஸ்டேட் பின்பக்கம் ஒரு ஷெட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார். தரையெல்லாம் கிரீஸ். சுவரெல்லாம் பாக்கு எச்சில். இரண்டு கார்களும் சக்கரம் கழற்றி ஜாக்கியில் நின்றன. வேலை முடிந்து வண்டியை இறக்கியதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“யக்கா, இப்போ பாரு. சும்மா ஜம்முனு கீது.”

“ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்காதா?” என்றேன்.

“அதெல்லாம் ஒண்ணியும் ஆவாதுக்கா. அண்ணாத்தே பாத்து ஓட்டுவாரு.”

அண்ணாத்தே பெருமையாகத் தலையாட்டினார்.

இங்கே எங்கள் தெருமுனை வேகத்தடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைப் போட்டது அரசாங்கம் இல்லை, நாங்களே. பைக்கில் பறக்கிற பையன்களை அடக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் தொண்டை கிழியக் கத்தி, சம்மதம் வாங்கி, மேஸ்திரியைப் பிடித்து வந்து, அரைக்கால் சட்டையோடு வெயிலில் நின்று அதைப் போட வைத்தவர் என் கணவர்தான். “மேஸ்திரி, இன்னும் ஒரு பாண்டு கலவை கொட்டுங்க. ஏறி இறங்குறவனுக்கு இடுப்பு ஒடியணும்” என்று அவர் சொன்னதை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். யார் இடுப்பு என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

ஸ்பிரிங் மாற்றிய பிறகு முதல்முறை அப்பாவை ஏற்றிக்கொண்டு அதன்மேல் ஏறினோம். கீழே ‘கர்ர்ர்’ என்று உரசியது. தன் தோலையே உரித்துவிட்ட மாதிரி அலறினார் கணவர். இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார், தடவிக் கொடுத்தார். அடுத்தமுறை அந்த மேட்டுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தினார்.

“மாமா, ஒரு நிமிஷம் இறங்கிக்கிறீங்களா? முன்னாடி வெயிட் இருந்தா அடி தட்டுது.”

எனக்குக் காது கூசியது. அப்பாவோ, “அதுக்கென்ன மாப்பிள்ளை” என்று கதவைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. இரண்டாவது காபிகூடக் கேட்க மாட்டார். ஊசி குத்திய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேட்டைச் சுற்றி ஓரமாக நடந்து, அந்தப் பக்கம் போய் நின்றார். முன் சீட் காலியான வண்டி மெல்ல ஏறி இறங்கியது. தாழ்ந்துபோன சீட்டில், கூரையைப் பிடித்துக்கொண்டு முனகாமல் முனகி மறுபடி உட்கார்ந்தார். அரை மூட்டை வெண்டைக்காய்கூட இருக்க மாட்டார், அவர் வெயிட்டாம்.

அன்று இரவு சண்டை போட்டேன். “நாலு அடி நடந்தா காலுக்கு நல்லதுதானே, டாக்டரே நடக்கச் சொல்றார்” என்றார். இவ்வளவு கேவலமான ஒரு நியாயத்தை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த நாள் அப்பாவும் சேர்ந்துகொண்டார். “விடும்மா, எனக்கும் காலை நீட்டின மாதிரி இருக்கு.”

அதற்குப் பிறகு அவரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மேடு வருவதற்கு முன்பே அப்பாவின் கை கதவுப் பிடிக்குப் போய்விடும். வண்டி நின்றதும் இறங்கிவிடுவார். கணவர் அதைக் கவனிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு மாலை அந்த நண்பர் வீட்டுக்கு வந்தார். அவருடைய கார் அந்த மேட்டில் அலுங்காமல் ஏறி இறங்கி வந்ததை, வாசல் கேட் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா பார்த்தார். “அந்தத் தம்பி வண்டி எவ்வளவு சுளுவா ஏறுது பாரு. அது உசத்தி வண்டி போல” என்றார் என்னிடம்.

“அதே வண்டிதாம்பா. அதுல இருக்கறது நம்ம ஸ்பிரிங்.”

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். உள்ளே நண்பர், “மச்சான், உன் புண்ணியத்துல எந்தத் தண்ணியிலயும் பூந்து வர்றேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கையால் போட்ட காபியை இரண்டு பேரும் உறிஞ்சிக் குடிக்கிற சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் மழை. மருத்துவமனையிலிருந்து அப்பா மிகவும் துவண்டு வந்தார். வழியெல்லாம் கண்ணை மூடியே இருந்தார். தெருமுனையில் கணவர் வழக்கம்போல நிறுத்தினார். அப்பா கண்ணைக்கூடத் திறக்கவில்லை, கை மட்டும் கதவைத் தடவியது.

“அப்பா, நீங்க உட்காருங்க” என்றேன். “என்னங்க, நீங்க இறங்குங்க.”

“நானா?”

“வெயிட் குறையணும்ல? எங்க ரெண்டு பேரையும்விட நீங்கதான் வெயிட்.”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார். நான் முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நிதானமெல்லாம் பார்க்கவில்லை. ‘கர்ர்ர்’ என்று முன்னாலிருந்து பின்னால்வரை உரசிக்கொண்டு வண்டி ஏறியது. ஏதோ ஒரு பிளாஸ்டிக் உடைந்து தெருவில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மழையில் கத்தியது கண்ணாடியில் தெரிந்தது. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு இனித்தது. ஆத்திரம் தீரத் தீர வீட்டு வாசல்வரை ஓட்டினேன்.

நனைந்து வந்தவரிடம் ஒன்றுதான் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை மாத்திடுங்க. இல்லன்னா திங்கக்கிழமை நானும் அப்பாவும் வேற வீடு பார்ப்போம்.” அவர் உடைந்த பிளாஸ்டிக்கைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுத் தலையைத் துவட்டப் போனார். ஞாயிற்றுக்கிழமை நண்பர் முனகிக்கொண்டே வந்தார். அதே ஷெட், அதே மெக்கானிக். “இன்னா யக்கா, நல்லாத்தான கீது, இன்னாத்துக்கு மாத்துற?” என்றார்.

இப்போது வண்டி பழையபடி நிமிர்ந்து நிற்கிறது. மேட்டில் எதுவும் தட்டுவதில்லை. எதிர்வீட்டுச் சுவரோரம் நின்று யாரும் ரசிப்பதும் இல்லை. கணவர் அப்பாவை முன்பைவிட மரியாதையாகத்தான் நடத்துகிறார், குறை சொல்ல முடியாது.

ஆனால் தெருமுனை வந்ததும் அப்பாவின் கை கதவுப் பிடிக்குப் போகிறது. “வேண்டாம்பா, இப்ப இடிக்காது” என்று பின்னாலிருந்து ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். “அப்படியா, சரிம்மா” என்கிறார். வண்டி மேட்டைத் தாண்டி இறங்கும்வரை கையை எடுப்பதில்லை.