எல்லா ஃபைலுக்கும் ஒரே பிள்ளையார் சுழி

போன ஞாயிறு காலை, மாடியிலிருந்து ஒரே சத்தம். “யாரு என் அன்னத்த அழிச்சது?”

பதறாதீர்கள். அன்னம் என்றால் பறவைதான், அதுவும் கம்ப்யூட்டரில் வரைந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் சத்யாவும் குணாவும் பட்டுப் புடவைக்கு டிசைன் போடும் தம்பதி. கரை அவன் பொறுப்பு, உடல் அவள் பொறுப்பு. இந்த முறை சத்யாவின் தங்கை தீபாவுக்கு முகூர்த்தப் புடவை. தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. மறுநாள் காலை டிசைன் போயாக வேண்டும்.

சிக்கல் என்ன தெரியுமா? குணா எந்த ஃபைலுக்குப் பெயர் வைத்தாலும் முதலில் ‘உ’ போடுவான். அதோடு நிறுத்தியும் விடுவான்! அவளும் அதையே பழகிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் ஒரு ‘உ’, பென் டிரைவில் ஒரு ‘உ’. ஒன்றில் அவன் புதிதாக உயர்த்திய கோபுரக் கரை இருக்கிறது, அன்னம் இல்லை. மற்றதில் அன்னம் இருக்கிறது, புதுக் கரை இல்லை. எதை எதன் மேல் காப்பி பண்ணினாலும் ஒருவர் உழைப்பு காலி.

பேச்சுவார்த்தை நின்றது. நடுவில் நான்!

“அக்கா, அன்னம் இல்லாத புடவைய என் தங்கச்சி கட்டமாட்டான்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

“கோபுரம் இல்லாம தறிக்கு அனுப்பமாட்டேன்னு நீங்களே சொல்லிடுங்கக்கா.”

இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்...

மதியம் சென்னையிலிருந்து கல்யாணப் பெண்ணே வந்து சேர்ந்தாள். ஐ.டி. கம்பெனிக்காரி. இருவரும் வேலையைத் தொடங்கிய பழைய ஃபைலையும் கேட்டு வாங்கினாள் — அதுவும் ‘உ’தான். எல்லாவற்றையும் ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் போட்டாள். கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் சிவப்பாகக் காட்டியது. ஆளுக்கொரு இடத்தில் மாற்றியிருந்தால் தானே சேர்த்துவிடுமாம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்றும் ஞாபகம் வைத்திருக்குமாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டுச் சண்டைக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்க நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருந்தால் எந்தக் குடும்பம் தாங்கும்?

எல்லாம் சேர்ந்தது, ஓர் இடம் தவிர. கோபுர நுனியும் அன்னத்தின் காலும் ஒரே கட்டங்களில் மோதின. இதுவா, அதுவா என்று திரை கேட்டது.

“நீயே சொல்லு தீபா” என்றான் குணா.

“அதுக்கும் தெரியாது மாமா, எனக்கும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் ஆவணும்.”

பேசினார்களா? எங்கே! முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து தீபா மறுபடி சேர்த்துப் பார்த்தாள். மறுபடியும் சிவப்பு! அவன் கோபுரத்தைக் குட்டையாக்கியிருந்தான். அவள் அன்னத்தை மேலே தள்ளியிருந்தாள். நடுவில் பொட்டல்காடு.

“இன்னாத்துக்குங்க எறக்குனீங்க? அந்தக் கோபுரம்தானே அழகு!”

“நீதானே அன்னம் அன்னம்னு சொல்லிக்கினு இருந்த...”

அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை போன தூதுவராகக் கீழே இறங்கி வந்தேன். மறுநாள் டிசைன் தறிக்குப் போனது. கோபுரம் முழு உயரத்தில் நின்றது, அன்னம் அதன் உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டது.

விட்டுக்கொடுங்கள், நல்லதுதான்... ஆனால் அதையும் வாய் திறந்து சொல்லிவிட்டு விட்டுக்கொடுங்கள்!