ஒத்துக்கொள்ளாத தோடு

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே உள்ள எங்கள் தெருவில் சூடாமணி அம்மாளின் பெயரை எவரும் கேலி செய்ததில்லை. ஆயினும் அந்தப் பெயரைத் தம் வாயால் சொல்ல நேரும்போதெல்லாம் அவர் சற்றுத் தயங்குவார். தலையில் சூடும் மணி என்பது அதன் பொருள். அவர் காதிலோ, பிற்காலத்தில் பழகியவர்கள் கண்டவரை, கல் என்று ஒன்று இருந்ததில்லை. பொன்னால் ஆன சிறு பொட்டுத் தோடு மட்டுமே. அதற்கு வறுமை காரணமன்று, துறவும் காரணமன்று. வெட்கமே காரணம்.

அவருக்கும் ஒரு காலத்தில் ஏழு கல் வயிரத்தோடு இருந்தது. தாய்வீட்டுச் சீதனம். கணவர் சுவாமிநாதனுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்த ஆண்டில் அது வீட்டைவிட்டுப் போயிற்று. உயிருக்கு ஈடாகப் போன பொருளைப் பற்றி நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கேட்டவர்களிடம் அவர், "பெட்டில பத்திரமா இருக்கு, தினமும் போட்டுண்டா திருகாணி தேயறது" என்று சொல்லிவைத்தார். பின்னால் விளைந்தவை அனைத்துக்கும் வித்து அந்தச் சிறு சொல்லே.

எழுபதுகளின் தொடக்கத்தில் மகள் ஜானுவுக்கு அடையாறு காந்தி நகரில் வரன் அமைந்தது. பிள்ளையின் தாய் கோமளம் அம்மாளைப் பற்றி எதிர்வீட்டு அலமேலு முன்கூட்டியே எச்சரித்தாள்.

"அவா முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி காதைப் பார்ப்பாளாம். உங்களுக்கென்ன மாமி, பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டுண்டா ஆச்சு."

திறப்பதற்கு அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சூடாமணி அம்மாள் சிரித்துவைத்தார்.

வயிரத்தைப் பற்றி நம்மவர் கொண்டிருந்த அச்சத்தை இங்கே சொல்லவேண்டும். முத்துக்கும் பவளத்துக்கும் இல்லாத ஒரு வல்லமை அதற்கு உண்டென்பது பழைய நம்பிக்கை. காக்கைக் காலடி போன்ற கீறலும், கரும்புள்ளியும், உள்ளே ஓடும் வரியும் உள்ள கல் குடியைக் கெடுக்கும் என்று மணிகளின் இலக்கணம் வகுத்தவர்கள் எழுதிவைத்தார்கள். கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கங்கள் ஓய்ந்து, கல் கடல்கடந்து வரத் தொடங்கிய பின்னும் அந்த அச்சம் ஓயவில்லை. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றின் பெயர் மயிலாப்பூர் நாவில் தேய்ந்து "புளூ ஜாகர்" ஆயிற்று. அதன் மெல்லிய நீல ஒளியை விரும்பாத பெண் இல்லை. விரும்பிய உடனே வாங்கிய பெண்ணும் இல்லை. குற்றமற்ற கல்லாயினும் எல்லாக் குடிக்கும் இசையாது என்பார்கள். ஆகவே கடைக்காரர் தோட்டை வீட்டிலேயே விட்டுச் செல்வார். அது சில நாள் பூசையறையில் இருக்கும். வீட்டுப் பெண் அணிந்து பார்ப்பாள். நல்லது நடந்தால் வாங்குவார்கள். தீங்கு நேர்ந்தால் ஒரே சொல்லில் திருப்புவார்கள்: "ஒத்துக்கலை." அதற்கு மேல் கடைக்காரர் வினவமாட்டார். அது மரபு.

இந்த மரபில் ஒரு வாயில் இருப்பதை சூடாமணி அம்மாள் கண்டுகொண்டார்.

தியாகராய நகரில் ஒரு நகைக்கடையிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தவர் நல்லசிவம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல்பை, மழையில்லாத நாளிலும் குடை. செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் பையைத் திறப்பார். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர் சூடாமணி அம்மாளின் கூடத்தில் அமர்ந்து, சிவப்புப் பட்டுத்துணியை விரித்து, ஒரு சோடித் தோட்டை வைத்தார்.

"பூசையில வச்சுப் பாருங்கம்மா. புடிச்சா பாப்போம். இல்லாட்டி நானே வந்து எடுத்துக்கிடுதேன். இந்தச் சோடி அமையுததுக்கு ரொம்ப நாளு ஆச்சு. பதினாலு கல்லும் ஒரே நெறம்."

"ரொம்ப நன்னா இருக்கு."

"சும்மா வெறுமன வச்சிராதீங்க. காதுல போட்டுப் பாருங்க. அப்பத்தான் தெரியும்."

போட்டுக்கொள்ளத்தான் வாங்கிவைக்கிறோம், விலைக்கு அன்று என்ற உண்மையை அவரே அறியாமல் சொன்னதுபோல் இருந்தது. சூடாமணி அம்மாளின் முகம் சுட்டது.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. கோமளம் அம்மாள் பாயில் அமர்ந்து ஜானுவைத் தம் பக்கத்தில் இருத்திக்கொண்டார். விளக்கொளியில் திரும்பும்போதெல்லாம் தம் இரு காதுகளிலும் எழும் நீலப்பொறியைக் கன்னத்தில் உணர்வதுபோல் சூடாமணி அம்மாளுக்குத் தோன்றியது. அந்த மாலை முழுதும் அவர் மகளின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து நல்லசிவம் வந்தார். கூடவே அலமேலுவும் வந்து உட்கார்ந்தாள். சூடாமணி அம்மாள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்தச் சோடியைத் தன் பெண்ணுக்குப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம்.

"என்னம்மா, முடிச்சிரலாமா?" என்றார் நல்லசிவம்.

இயலவில்லை என்று சொல்லியிருக்கலாம். இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அலமேலு எதிரே இருந்தாள். நிச்சயதார்த்தத்தில் அந்தத் தோட்டைப் பார்த்து, "பெட்டித் தோட்டை விட இது எடுப்பா இருக்கே" என்று சொன்னவள் அவள்.

"ஒத்துக்கலை," என்றார் சூடாமணி அம்மாள்.

"ஐயய்யோ, என்ன ஆச்சு?" என்று கேட்டாள் அலமேலு.

மரபுப்படி கடைக்காரர் கேட்கமாட்டார். அண்டைவீட்டாருக்கு அந்த மரபு இல்லை. காரணம் ஒன்று வேண்டியிருந்தது. நா தானாகவே அதைத் தேடி எடுத்தது.

"போட்டுண்ட அன்னிக்கே இவருக்கு நெஞ்சு வலி. பயந்தே போயிட்டேன்."

அதே நேரத்தில் உள்ளே வானொலிச் செய்தி முடிந்தது. சுவாமிநாதன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு கீர்த்தனையை முனகியபடி கூடத்துக்கு வந்தார்.

"சூடா, அடை வார்க்கறியா, இல்லை சாதம்தானா? நல்ல பசி."

நல்லசிவம் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சூடாமணி அம்மாளைப் பார்த்தார். பார்வையில் சினமில்லை, ஏளனமும் இல்லை. தோட்டைப் பட்டுத்துணியில் மடித்தார்.

"ஐயா நல்லா இருந்தாச் சரிதாம்மா. வாரேன்."

அலமேலு ஒரு முழம் பின்னுக்கு நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள்.

மயிலாப்பூரில் சொல்லுக்குக் கால் உண்டு. சில வாரங்களில் அந்தச் சோடி மட்டுமன்று, நல்லசிவத்தின் பை முழுதுமே ஆகாததாயிற்று. அவர் குடையோடு தெருமுனையில் திரும்புவதை சூடாமணி அம்மாள் சன்னலிலிருந்து காண்பார். ஒரு வீட்டில் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அடுத்த வீட்டில், "சுவாமிநாதனுக்கு நெஞ்சு வலி வரவெச்ச தோடு பைக்குள்ள இருக்கா? இருந்தா வாசல்லயே நில்லுங்கோ" என்பார்கள். அவர் மறுத்து ஒரு சொல்லும் சொல்லாமல் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடப்பார். சில மாதங்களில் வருவதையே நிறுத்திவிட்டார்.

குளத்தங்கரையில் ஒருநாள் நண்பர் ஒருவர் சுவாமிநாதனைத் தடுத்து நிறுத்தி, "நெஞ்சு எப்படி இருக்கு? படி ஏறலாமோ?" என்று கேட்டார். அவர் வீட்டுக்கு வந்து மனைவியை அழைத்தார்.

"எனக்கு எப்போடி நெஞ்சு வலி வந்தது? எனக்கே தெரியாம?"

உண்மையைக் கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கென்ன, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். அந்த மனுஷர் என்ன பண்ணுவார்?"

"ஜானு கல்யாணம் முடியட்டும். சொல்லிடறேன்."

கல்யாணம் முடிந்தது. அவர் சொல்லவில்லை. வெள்ளிதோறும் கற்பகாம்பாள் சன்னதியில் பெண்களோடு சேர்ந்து பதிகம் பாடுவது அவர் வழக்கம். தீபம் உயரும்போது அம்மையின் செவிகளில் தோடு ஒளிரும். உடனே அவர் கண் தாழும். பாடிக்கொண்டிருந்த அடியும் பாதியில் நின்றுவிடும். தொண்டை கட்டியிருக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்வார். ஒரு பொய்க்குக் காவலாக இப்படி எத்தனை பொய்களை நிறுத்தவேண்டியிருந்தது!

அந்த ஆண்டு நவராத்திரியில் சம்பந்தியம்மாள் கொலுவுக்கு வந்தார். கூடம் நிறையப் பெண்கள். சுண்டலை வாங்கி வைத்துக்கொண்டு கோமளம் அம்மாள் கதைபோல் ஒன்றைத் தொடங்கினார்.

"தியாகராய நகர்ல ஒரு கடைக்குப் போயிருந்தேன். அப்படி ஒரு தோடு! எடுத்துண்டுடலாம்னு பார்த்தா, அங்கே இருந்தவர் கையை வெச்சு மறைச்சுட்டார். 'இது மயிலாப்பூர்ல ஒரு வீட்டுல ஒத்துக்கலைன்னு வந்ததும்மா. சொல்லாமக் குடுக்கமாட்டேன்'னார். எந்த ஆத்துலேன்னு கேட்டேன். 'அது வேண்டாம்மா'ன்னுட்டார். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷர்."

"அது வேற யாரும் இல்லை, இவாளேதான்," என்றாள் அலமேலு. "மாமாவுக்கு நெஞ்சு வலியே வந்துடுத்தே."

கோமளம் அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சம்பந்திக்கு நெஞ்சு வலியா? எப்போ? எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

நோயை மறைத்துப் பெண் கொடுத்த வீடு என்ற பெயர் ஒரு சொல் தொலைவில் நின்றது. ஜானு கொலுப்படியோரம் நின்று தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னுமொரு பொய்யால் இதையும் கடந்துவிடலாம். வெறும் வாயு என்றால் போதும். ஆனால் தம் பெயரை மறைத்துக் கைவைத்து நின்ற அந்த மனிதரை நினைத்தபோது சூடாமணி அம்மாளுக்கு அந்தப் பொய் எழவில்லை.

"அவருக்கு ஒண்ணும் வரலை," என்றார். "என் தோடு எப்பவோ வித்தாச்சு. நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுண்டது கடைத்தோடு. திருப்பித் தரத்தான் அப்படிச் சொன்னேன். கல் ஒத்துண்டுது. நான்தான் ஒத்துக்கலை."

கோமளம் அம்மாள் அவரை நெடுநேரம் பார்த்தார்.

"உங்க காதை யாரு பார்த்தா அன்னிக்கு?" என்றார் கடைசியில். "நான் ஜானுவையேன்னா பார்த்துண்டிருந்தேன்."

அது மன்னிப்பா, தண்டனையா என்று சூடாமணி அம்மாளுக்கு விளங்கவில்லை. எவருமே பார்க்காத ஒரு காதுக்காக ஒரு மனிதரின் பிழைப்பை அழித்திருந்தார் என்பது மட்டும் விளங்கியது.

மறுநாள் காலை பஸ் ஏறித் தியாகராய நகருக்குப் போனார். நல்லசிவம் கடையின் உட்புறத்தில் வெள்ளிக்கொலுசுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சூடாமணி அம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அன்னைக்கே தெரியும்மா," என்றார் நல்லசிவம். "ஐயா அடை கேட்டாகளே."

"அந்தத் தோட்டை இப்போ..."

"போன வாரந்தான் பிரிச்சோம். ஒண்ணொண்ணா மூக்குத்திக்குப் போயிட்டு. பிரிச்சிட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக பாருங்க." அவர் ஒரு கொலுசை எடுத்து மறுபடியும் துடைத்தார். "கல்லுக்கு என்னம்மா, அது எங்கேயும் போய் மினுங்கும். என்னையத்தான் உங்க தெருவுல உள்ள விடமாட்டேங்காக."

"இன்னிக்கு என்கூட வாங்கோ."

அன்று மாலை எங்கள் தெரு ஒரு காட்சியைக் கண்டது. முன்னே சூடாமணி அம்மாள். பின்னே குடையும் தோல்பையுமாக நல்லசிவம். ஒவ்வொரு வாசலிலும் சூடாமணி அம்மாள் நின்று அதே சொற்களைச் சொன்னார்: கல்லில் குற்றமில்லை, நான் பொய் சொன்னேன். ஒரு வீட்டில் நீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் சிரித்தார்கள். "வாடகையில்லாத வயிரம் நன்னா இருந்துதா மாமி?" என்று ஒருத்தி கேட்டாள். "நன்னா இருந்தது" என்றே அவர் விடை சொன்னார். நல்லசிவம் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டார். அவமானம் தமக்கே நேர்ந்தது போல.

இறுதியில் எதிர்வீடு. அலமேலு பையிலிருந்த தோடுகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தாள். நீலம் சற்றுக் குறைவானது.

"இது இருக்கட்டும். ஆனா முதல்ல உங்காத்துல பூஜையில இருக்கட்டும் மாமி. உங்களுக்கு ஒத்துண்டா எனக்கும் ஒத்துக்கும்."

குத்தலாகவே சொன்னாள். சூடாமணி அம்மாள் பின்வாங்கினார். "வேண்டாம். எங்காத்துல கல் வெச்சுக்க எனக்கு யோக்கியதை இல்லை."

நல்லசிவம் பட்டுத்துணியை மடித்து, தோட்டோடு அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வச்சிருங்கம்மா. ஒத்துக்கலைன்னு சொன்ன உங்க வீட்டுல இருந்தே போச்சுன்னா இனிமே ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லமாட்டாக."

சில நாள் அந்தத் தோடு சூடாமணி அம்மாளின் பூசையறையில் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. விளக்கேற்றும்போது அதன் பக்கம் திரும்பவும் இல்லை. வெள்ளியன்று தம் கையாலேயே எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஒத்துண்டுதா?" என்றாள் அலமேலு.

"ஒத்துண்டுது," என்றார் சூடாமணி அம்மாள். கண்ணை உயர்த்தாமல் தெருவைக் கடந்து வந்தார்.

அதன்பின் நல்லசிவம் பல ஆண்டுகள் எங்கள் தெருவுக்கு வந்தார். ஏதேனும் ஒரு வீடு தயங்கினால், "அந்த அம்மா வீட்டு பூசையில வச்சு எடுத்துத் தாரேன்" என்பார். அதற்கு மேல் மறுப்பு இருக்காது. எழுபதுகள் முடியுமட்டும் பிறர் காதுக்குப் போகும் தோடுகள் சூடாமணி அம்மாளின் விளக்கடியில் தங்கிப் போயின. நம்பிக்கை திரும்பி வந்தது என்று தெரு சொல்லும். அவரோ ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டலத்தை இரு கைகளாலும் வாங்கும்போது, முதல்முறை வாங்கியதுபோலவே முகம் சிவந்து நின்றார்.