மூணு மாசக் கயிறு

இதை எழுதட்டுமாடான்னு நேத்து மகனைக் கேட்டேன். பேரை மட்டும் போடாதம்மான்னான். மருமகளுக்கு போன் போட்டேன். "என் பேரைப் போடுங்க அத்தை, நான் ஏன் வெக்கப்படணும்?"னா.

அதனால... மருமக பேரு செல்வி. மகனுக்குப் பேரு கிடையாது.

அவன் பொண்டாட்டி மேல கை நீட்டுறவன். கடைசியா, தோசை லேட்டாச்சுன்னு அறைஞ்சான். செல்வி பையை எடுத்துக்கினு கண்டமங்கலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

திண்டிவனத்துல எங்க பக்கம் குடியை விடணும்னா இத்தினி மாசம் தொட மாட்டேன்னு அம்மன் கோயில்ல கயிறு கட்டிக்குவாங்க. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான். மகனை இழுத்துக்கினு போனேன். பூசாரி பழக்க தோஷத்துல, பீரும் சேர்த்தா, பிராந்தி மட்டுமான்னு கேட்டாரு. குடி இல்ல சாமி, பொண்டாட்டியை அடிக்கிறதை விடணும்னு கூச்சத்தோட மெல்ல சொன்னேன். கையில இருந்த கயித்தைப் பார்த்தாரு. அப்புறம், எத்தினி மாசத்துக்குன்னாரு.

மகன் யோசிச்சான் — "மூணு மாசம் போதும் சாமி."

எனக்கு ஒரே சந்தோஷம். அன்னிக்கே பஸ் ஏறிப் போய் செல்விகிட்ட சொன்னேன். மல்லாட்டைக் கடலை உரிச்சிக்கினு இருந்தவ நிமிரக்கூட இல்ல.

"நாலாவது மாசம் நான் என்னா பண்றது அத்தை?"

நானும் பக்கத்துல உட்கார்ந்து உரிக்க ஆரம்பிச்சேன்.

அவ முன்னாடியே விசாரிச்சு வெச்சிருந்தா. விழுப்புரத்துல சனிக்கிழமையில, கை நீட்டுற ஆம்பளைங்களுக்குன்னு ஒரு மேடம் கூட்டம் நடத்துறாங்களாம். அவரை அங்க போகச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்னுட்டா.

தனியாப் போக இவனுக்கு வெக்கம் — அடிக்கும்போது வராத வெக்கம். துணைக்கு நான். பஸ்ல எங்க தெரு மளிகைக் கடைக்காரரு பார்த்துட்டாரு. பல்லு காட்டப் போறோம்னான் மகன். அவரு கண்ணு டெஸ்ட்டுக்காம். இறங்கி ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். கால் மணி நேரத்துல ஒரே ரூம்ல, எதிரெதிர் பிளாஸ்டிக் சேர்ல, பல்லும் கண்ணும் உட்கார்ந்திருக்குது!

மேடம் அதட்டவே இல்ல. ஓட்டல்ல தோசை லேட்டானா சப்ளையரை அறைவீங்களான்னு மகனைக் கேட்டாங்க.

"மாட்டேன் மேடம்... திருப்பி அடிப்பான்."

ரூமே சிரிச்சிது. மேடம் சிரிக்கல. அப்போ உங்களுக்குக் கோவத்தை அடக்கத் தெரியுது, அப்படித்தானேன்னாங்க. மகன் தலை தொங்கிப்போச்சு. ஊரு பூரா அடங்கிக் கிடக்கிற கோவம், வீட்டு வாசப்படி தாண்டினதும் மட்டும் எப்படித்தான் வீரமாயிடுதோ?

ஓரமா, பையை மடியில வெச்சிக்கினு ஒளிஞ்சாப்பல இருந்தேன். விடல என்னையும்.

"அவரு அடிக்கும்போது நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"டிவி சவுண்டை ஏத்தி வெச்சேன்... அக்கம்பக்கத்துல கேக்கக் கூடாதில்ல?"

இந்த வாட்டி யாருமே சிரிக்கல. சொன்னப்புறம்தான் என் காதுலயே அது விழுந்திச்சி. மேடம் எழுந்து வந்து என் சேரை வட்டத்துக்குள்ள இழுத்துப் போட்டாங்க. இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை உங்க இடம் இதுதான்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் செல்விக்கு போன் போட்டு, ஒண்ணு விடாம சொன்னேன்.

"அவரு மட்டும் மாறுனா நான் வரமாட்டேன் அத்தை. நீங்களும் அந்தக் கூட்டத்தை முடிச்சிட்டுச் சொல்லுங்க."

அஞ்சாவதோட நின்னுபோன என் படிப்பை மருமக திரும்ப ஆரம்பிச்சு வெச்சிருக்கா... இந்தத் தடவை ஃபெயிலானா, எனக்கு மருமக இல்ல.