தமிழ்ச்செல்வி மேடம் கேட்ட கட்டில்

காலை ஆறரைக்கு மேடத்தின் கணவர் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. "சார், என்னைத் திருப்பிக்கினு இருந்தா. விழுந்த சத்தம் கேட்டுது. கூப்பிட்டுக்கினே இருக்கேன், பேச மாட்டேங்குறா. ஜல்தி வாங்க சார்." நான் விழுப்புரத்தில் அவர்கள் வீட்டை அடைந்தபோது தமிழ்ச்செல்வி மேடம் தரையில் கிடந்தார். உயிர் இல்லை. பாதி திருப்பப்பட்ட ஏழுமலை சுவரைப் பார்த்துக் கிடந்தார். வலது கை மட்டும் அசையும் அவரால், பின்னால் கிடந்த மனைவியைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் கல்லூரியில் மேடம் வேதியியல், நான் கட்டட அமைப்புப் பொறியியல். பொம்மையார்பாளையத்திலிருந்து மீன் செதிலை மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். நாற்றத்துக்காகக் கண்டக்டரிடம் திட்டு வாங்குவார். செதிலிலிருந்து புரதத்தைப் பிரித்து, படுக்கைப்புண்ணை மூடும் படலம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரருக்குப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று அசட்டுத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டேன். "புண்ணு வர விட்டாத்தானே சார் போடறதுக்கு" என்றார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்த மனிதரை, பகலுக்கு ஆள் வைத்து, இரவெல்லாம் தானே, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் போட்டே ஆறு வருடம் புண்ணில்லாமல் வைத்திருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார். "கைப்பிடியைச் சுத்தினா பக்கவாட்டுல சாயற மாதிரி ஒரு கட்டில் செஞ்சு குடுங்க சார். தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிடுச்சு." செய்தேன், கணினியில். எந்தச் சாய்வில் முதுகில் எங்கே எவ்வளவு அழுத்தம் விழும் என்று கணக்கிட்டுக் கட்டுரை எழுதினேன். அது வெளிவந்தது, பதவி உயர்வும் வந்தது, ஜாங்கிரி கொடுத்தேன். மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டே, "பேப்பர் வந்துடுச்சு. கட்டில் எப்ப சார் வரும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். பிறகு இரண்டாவது கட்டுரைக்கு உட்கார்ந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் அந்தக் கட்டுரையைத் தூக்கிக் காட்டி, மேடத்தின் தியாகத்துக்குக் கல்லூரி செலுத்திய காணிக்கை என்றார். உடன் வேலை பார்க்கும் நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

மறுநாள் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வரைபடத்தோடு போனேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "இம்மாம் எதுக்கு சார்? நடுவுல ஒரு தண்டு, ஓரத்துல ஒரு கைப்பிடி, அவ்ளோதான்" என்றார். மூன்றாம் நாள் கட்டில் தயார்.

அதற்குள் ஏழுமலையை அவர் தம்பி வல்லத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். தம்பி மனைவி ஒருத்தியால் எத்தனை முறைதான் அவரைத் தூக்க முடியும்? முதுகில் புண் வந்துவிட்டிருந்தது. கட்டிலில் கிடத்தி, ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றினேன். அலுங்காமல் சாய்ந்தார்.

"ஒத்தைக் கையாலயே ஆவுதே சார்" என்றார் ஏழுமலை. அப்புறம் அழ ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துவிட எனக்குத் துணிவு வரவில்லை.

மேடத்தின் நினைவாகப் புகைப்படம் எதுவும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. நான்கு வருடம் அவர் கேட்ட கட்டிலைச் செய்ய மூன்றே நாள்தான் ஆனது. சாகும்வரை என்னிடம் இருக்கப்போவது அந்த மூன்று நாள்தான்.