மேற்கே சூலம்

சென்னையிலிருந்து பாரிசுக்கு வான்வழியில் ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் அதைப் பத்தரை மணி நேரத்தில் கடக்கிறது. காரைக்காலிலிருந்து சென்னை முந்நூறுகூட இல்லை. அதற்குக் காரில் ஏழு மணி நேரம். இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி, "ரோட்ட நானா போட்டேன்?" என்பாள்.

மகளுக்குப் பாரிசில் தலைப்பிரசவம். எனக்குக் காலில் ஒருமுறை ரத்தம் கட்டியிருந்ததால் அத்தனை நேரம் உட்கார்ந்து பயணம் செய்யக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவி மட்டும் போவதென்று முடிவானது. தொண்ணூறு நாள் விசா. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்தாற்போல் பிரிந்திருந்தது, அதிகம் போனால் ஒன்பது நாள்.

டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு அமைந்தது. வெள்ளியன்று மேற்கே சூலம், அந்தத் திசைக்குப் புறப்படக் கூடாது என்று அவள் காலண்டரைக் காட்டினாள்.

"கார் வடக்கதானே போவுது?"

"போய்ச் சேர்ற ஊரு மேக்கால இருக்குங்களே."

அதற்கு அவளிடம் வழியும் இருந்தது. வியாழக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பரஸ்தானம் என்பார்கள். பெட்டி படி தாண்டிவிட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. பெட்டி மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. அதில் சுக்கு, பெருங்காயம், பூண்டு; பச்சைக் குழந்தைக்காகக் கிழித்து மடித்த என் பழைய வேட்டிகள் இரண்டு.

"அண்ணே, அண்ணி பாதி தூரம் வந்துட்டாங்க" என்று எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று கேலி செய்தார்.

எனக்கு எரிச்சல். ராத்திரி மனைவியிடம், "காலையிலேந்தே நீ வழியில இருக்க. வழியில இருக்கறவ எனக்கு எதுக்குத் தோசை சுடுற?" என்றேன்.

"பசிக்குதுன்னு அடுப்படியில வந்து நிக்கிறீங்களே, அதுக்குத்தான்."

போய்ச் சேர்ந்தாள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அறுபது நாள் ஓடியது. ஒரு புதன்கிழமை மகள் போனில், "அப்பா, அம்மாவ இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கட்டுமா? விசாவ நீட்டிக்க முடியுமான்னு விசாரிக்கிறேன்" என்றாள். பின்னால் என் மனைவி இருந்தாள். குழந்தையைக் கொஞ்சுவது கேட்டது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

காலண்டரை எடுத்தேன். திரும்பும் டிக்கெட் திங்கட்கிழமை. திங்களன்று கிழக்கே சூலம்.

"ரெண்டு மாடி கீழ நம்ம ஊர்ப்பக்கத்து விழிதியூர்க்காரங்க இருக்காங்கல்ல? அம்மா பெட்டிய இன்னிக்கே அங்க கொண்டுபோய் வச்சிடு" என்றேன்.

"இன்னும் நாலு வாரம் இருக்குப்பா!"

"இருக்கட்டும். கிளம்பியாச்சுன்னு கணக்கு."

முதலில் மகள் சிரித்தாள். அப்புறம் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. அதன்பிறகு விசாப் பேச்சு எழவில்லை.

மறுநாள் மனைவி கூப்பிட்டாள். பெட்டி கீழ்வீட்டுக்குப் போய்விட்டதாம். எட்டாயிரம் கிலோமீட்டரில் இரண்டு மாடி குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"புள்ளைக்குத் துணியெல்லாம் அதுலதாங்க மாட்டிக்கிச்சு. உங்க வேட்டித் துணி இல்லாட்டி அது தூங்க மாட்டேங்குது. போய் எடுத்தாரட்டுமா?"

"துணிய மட்டும் எடு. பெட்டி அங்கயே இருக்கட்டும்."

"சரிங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "வழியில இருக்கறவதான் கேக்குறேன். வீட்டுல தோசைக்கு மாவு இருக்கா?"