ஏசா கூப்பிட்ட சாயங்காலம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு, "சும்மா அளக்கிறான்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கக் கூடாது. இது நடந்தது. துருசில்லா காட்வின் பைபிள்மேல் கைவைத்து என்னிடம் சொன்னாள். சம்பந்தப்பட்ட ஒருவர் சாகும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகுதான் சொன்னாள்.

டெக்சஸ் தனி நாடாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. தலைவர் இருந்தார், கொடி இருந்தது, செபைன் ஆற்றங்கரைக்குச் சட்டம்தான் வந்து சேரவில்லை. திருடர்களை ஒழிக்கிறோம் என்று கிளம்பி, ஊரில் பாதியைத் தூக்கில் போட்டவர்கள் ஒழுங்குக் கட்சி. அவர்களை அடக்குகிறோம் என்று கிளம்பியவர்கள் நிதானக் கட்சி. அவர்களிடமும் நிதானம் மருந்துக்குக்கூடக் கிடையாது. நடுவில் மாட்டியவன் பாடுதான் திண்டாட்டம்.

அப்படி மாட்டியவர் துருசில்லாவின் கணவர் ஹைரம். ஒழுங்குக் கட்சித் தலைவன் ஒரு ஆளைச் சுட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருந்தாரா? கோர்ட்டில் சாட்சி சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். வசந்தத்தில் கோர்ட் கூடும்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டும். துருசில்லாவுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க இருந்தது அந்த ஒரே கவலைதான்.

இரண்டு பேரும் பைன் காட்டுக்குள் ஒரு மரக்குடிலில் ஒளிந்துகொண்டார்கள். ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. அந்த இடம் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய தம்பி ஏசா. வாரம் ஒருமுறை பகலில் வந்து சோளமாவும் பன்றிக்கறியும் கொடுத்துவிட்டுப் போவான். வேலியோரம் நின்று கூப்பிடாமல் எங்கள் பக்கம் யாரும் வீட்டை நெருங்கக் கூடாது, சுட்டுவிடுவார்கள். ஏசா கூப்பிடுவதே ஒரு கூத்து.

"வீட்டுல மனுசங்க இருக்கீங்களா, இல்ல பன்னிங்க மட்டுந்தானா?"

"பன்னிதான் இருக்கு, இப்பதான் ஒண்ணு வேலியோரம் வந்து நிக்குது!" என்பாள் அவள்.

கதவின் உள்பக்கம் மரத்தாழ். அதில் கட்டிய தோல்வார் ஒரு துளை வழியாக வெளியே தொங்கும். வார் வெளியே தொங்கினால், இழுத்துத் திறந்துகொண்டு வா என்று அர்த்தம். உள்ளே இழுத்துவிட்டால், வராதே.

"இருட்டின பிறகு யார் கூப்பிட்டாலும் வார் உள்ளயே இருக்கணும், துருசில்லா" என்று ஹைரம் முதல் நாளே சொல்லியிருந்தார். "ஏசாவா இருந்தாலும் சரி."

"என் தம்பியைக்கூடவா சந்தேகப்படுறீங்க?"

"அவன்மேல என்ன சந்தேகம்? அவன் முதுகுல துப்பாக்கியை வெச்சுக் கூப்பிடச் சொல்லுவானுங்க. மாவுமில்லுக்காரனை அப்படித்தானே வெளிய வரவெச்சானுங்க? கூப்பிட்டது யாரு? அவனோட சொந்தச் சித்தப்பா."

அந்த ஜனவரியில் ஒருநாள் மதியத்துக்கு மேல் வாடைக்காற்று இறங்கியது. பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. வாசல் முழுக்கக் கண்ணாடி விரித்த மாதிரி பனி, கோழி நடந்தால்கூட நொறுங்கும் சத்தம் கேட்கும். அன்றைக்கு ஏசா வர வேண்டிய நாள். வரவில்லை. பொழுது சாய்ந்ததும் துருசில்லா வாரை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஹைரமின் கடிகாரத்தில் மணி ஆறே கால்.

"வீட்டுல மனுசங்க இருக்கீங்களா... இல்ல பன்னிங்க மட்டுந்தானா..."

ஏசாவின் குரல்தான். அவள் பாதி எழுந்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது. சிரிப்பு இல்லை. வேலியோரத்திலிருந்தும் வரவில்லை. கதவுக்கு நேர் வெளியே கேட்டது.

பனி நொறுங்கவே இல்லையே...

நாய் குரைக்கவில்லை. ஏசாவைக் கண்டால் மேலே ஏறிக் குதிக்கிற நாய், வயிறு தரையில் உரச ஊர்ந்து கட்டிலுக்கு அடியில் போனது.

ஹைரம் துப்பாக்கியை எடுத்துக் கதவுக்கு நேராக நீட்டினார். விரலை உதட்டில் வைத்தார்.

"அக்கா... திறக்கா... குளிருது."

ஐயோ, என் தம்பி! திறந்தால் கணவனைக் கொல்வார்கள். திறக்காவிட்டால் தம்பியைக் கொல்வார்கள். பெற்ற தாய் சாகும்போது, "சின்னவனைப் பார்த்துக்கோடி" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். துருசில்லா கதவோரம் போனாள்.

"ஏசா, உன்கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. நான் மட்டுந்தான்."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"



"தொண்டை... இறுக்குதுக்கா."

பிறகு குரல் நகர்ந்தது. இடப்பக்கச் சுவர். பின்சுவர். புகைபோக்கிக்குள். காலடிச் சத்தம் மட்டும் இல்லை.

"திறக்கா... குளிருது."

ஒவ்வொரு தடவையும் அதே நீளம், அதே இழுப்பு.

மறுபடி கதவு.

சுர்ர்... சுர்ர்... நகம் மரத்தில் உரசியது. வார் போகும் துளையில் ஒரு விரல் தெரிந்தது. கறுத்துப்போன நகம். அது வாரைத் தேடித் தடவியது.

கணுவரை வந்தது.

முழு விரலும் வந்தது.

நிற்கவில்லை... இன்னும் வந்துகொண்டே இருந்தது. மனுஷ விரல் அவ்வளவு நீளம் கிடையாது.



அவளுக்குப் பயம் ஒரு பக்கம். ஆனால் அது தம்பியின் குரல் ஆயிற்றே... கை தானாகத் தாழுக்குப் போனது. ஹைரம் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, வாயைப் பொத்தினார். அவள் கடித்தாள். ரத்தம் வந்தது. அவர் விடவில்லை.

"அக்கா..."

"அக்கா..."

நின்றுவிட்டது.

காட்டோரத்தில் திடீரென்று குதிரைகள் மிரண்டு கனைத்தன. எவனோ அலறினான். நாலைந்து குதிரைகள் தலைதெறிக்க ஓடும் சத்தம்.

விடிந்ததும் பார்த்தார்கள். பைன் மரங்களுக்குப் பின்னால் குளம்புத் தடங்கள். வாசல் பனியில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கே ஆற்றைத் தாண்டி அமெரிக்காவின் லூசியானாவுக்குள் போய்விட்டார்கள்.

ஏசாவைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று அங்கேதான் செய்தி வந்தது. துருசில்லா சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாள். அந்த விரலையும் கீறலில்லாத பனியையும் அவள் யோசிக்கவே இல்லை. முதுகில் துப்பாக்கியோடு வந்து கெஞ்சினான், நான் திறக்காமல் சாகவிட்டேன் என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஹைரம் வசந்தத்தில் சாட்சி சொன்னார். கோடையில் நாட்டுத் தலைவர் படையை அனுப்பி இரண்டு கட்சியையும் கோர்ட் வாசலில் கைகுலுக்க வைத்தார்.

அன்றைக்கு டன்ஸ்டன் என்ற ஒழுங்குக் கட்சிக்காரன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். பக்கத்தில் ஹைரம் இல்லை.

"உன் தம்பியை அந்தப் பனி விழுந்த அன்னைக்கு மத்தியானமே ஆத்தங்கரையில தொங்கவிட்டுட்டோம். எவ்வளவோ அடிச்சோம். உங்க இடத்தை மட்டும் சொல்லல."

மத்தியானமே... அப்படியென்றால் அவனைக் கொன்றது அவள் இல்லை. ஆறு மாசத்தில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது.

"அப்புறம் எப்படி எங்க வாசலுக்கு வந்தீங்க?"

"பொழுது சாயுற நேரம், காட்டுப்பாதையில எங்களுக்கு முன்னால ஒருத்தன் நடந்து போனான். பின்னாலயே போனோம். உங்க கதவுகிட்ட நின்னு கூப்பிட்டான். திறந்ததும் சுடலாம்னு துப்பாக்கியைத் தூக்கிப் பிடிச்சிருந்தோம்." டன்ஸ்டன் தொப்பியைக் கசக்கினான். "ரொம்ப நேரம் கழிச்சு எங்க பக்கம் திரும்பினான். அப்பதான் மூஞ்சியைப் பார்த்தோம். கழுத்துல நாங்க போட்ட கயிறு அப்படியே கிடந்துச்சு."

"என்ன செஞ்சான்?"

"சிரிச்சான். 'இன்னும் கொஞ்சம் பொறுங்கடா, எங்கக்கா திறந்துடுவா'ன்னான்."

இதை அவள் ஹைரமிடம் கடைசிவரை சொல்லவில்லை. தனக்காக உயிரையே கொடுத்த மச்சான் என்று அவர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி அழுவார். அடுத்த வருஷம் பிறந்த மகனுக்கு ஏசா என்று பெயர் வைத்தார். துருசில்லா அந்தப் பையனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.